மார்க் 4 அம்பாசடருக்கு ஏசி மாட்டிய கதை

வண்டிக்கு ஏசி போட்டுவிட்டேன் என்று சொன்னால் முதலில் "எவ்வளவு ஆச்சு?" என்கிறார்கள். அடுத்து "என்ன கேஸ்?" என்கிறார்கள். அப்புறம் "சில்லுனு இருக்கா?" இதுவரை ஒருவர்கூட பிராக்கெட்டைப் பற்றிக் கேட்கவில்லை. இந்த வேலையில் முக்கால்வாசி, கேஸை அமுக்கித் தள்ளுகிற கம்ப்ரஸரை எஞ்சினில் தாங்கிப் பிடிக்கிற பிராக்கெட்டும், அதை பெல்ட்டால் சுற்றவைக்கிற புல்லியும்தான். அது இரண்டும் அமைந்துவிட்டால் கேஸ் ஏற்றுவது ஒரு மத்தியான வேலை. அமையாவிட்டால் எந்த கேஸை ஏற்றியும் பிரயோஜனமில்லை. அதனால் அதைத்தான் நீட்டி எழுதப் போகிறேன். சில்லென்று இருக்கிறதா என்பது தானாக வரும்.

எவ்வளவு ஆச்சு என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே வரை தேடுவீர்கள். எல்லாம் சேர்த்து ஐம்பதாயிரத்தைத் தாண்டியது. அதில் ஒரு பகுதி வீண் செலவு. அது ஏன் என்றும் வரும்.

வண்டி அப்பா வாங்கியது. 1986 மாடல் மார்க் 4, பெட்ரோல், 1489 சிசி. பெரிய கடை, பெரிய குடும்பம் என்று எதுவும் இல்லை. நகரியில் விசைத்தறி போட்டிருந்தவருக்கு நூல் மூட்டை ஏற்றவும் கல்யாணத்துக்குப் போகவும் ஒரே வண்டியாக இது இருந்தது. இப்போது தறியும் என் கையில், வண்டியும் என் கையில். நூல் மூட்டைக்கு வேறு வண்டி வந்துவிட்டது. அம்பாசடர் திருப்பதிக்கும் திருவள்ளூருக்கும் விசேஷத்துக்கும் மட்டும் போய் வரும்.

எங்கள் ஊர் வெயிலைத் தெரியாதவர்களுக்குச் சொன்னால் புரியாது. கோடையில் தினமும் வெயில் அளவுப் பட்டியல் வாசிப்பார்களே, அதில் திருத்தணி பெயர் அடிக்கடி வரும். நாங்கள் அதற்குப் பக்கத்து ஊர், நடுவில் ஒரு மாநில எல்லை. 1960-ல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நகரி ஆந்திரப் பக்கம் நின்றுவிட்டது. வெயில் மட்டும் இரண்டுக்கும் பொது. நகரி மூக்கு மலைப் பாறை பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்க விட்டுக்கொண்டே இருக்கும். போன கத்திரியில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பும்போது வீட்டம்மா வாசலிலேயே நின்று தீர்ப்பு சொல்லிவிட்டாள்: "நீங்க இந்த வண்டியில வாங்க. நான் புள்ளைங்கள கூட்டிக்கிட்டு பஸ்ல வரேன்." பஸ்ஸிலும் ஏசி இல்லை. அதுதான் உறைத்தது.

வண்டியை விற்றுவிட்டு வேறு வாங்கலாமே என்று சொல்லாதவர் இல்லை. உத்தர்பாராவில் 2014-ல் அம்பாசடர் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள், நீ இப்போது போய் ஏசி மாட்டுகிறாயே என்றார் ஒரு மாமா. நிறுத்தியதால்தானே மாமா இருப்பதை வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

சரி, எஞ்சினுக்கு வருவோம். அம்பாசடரின் பழைய பெட்ரோல் எஞ்சின் இங்கிலாந்தில் பிஎம்சி கம்பெனி செய்த பி சீரிஸ். 1950-களின் வடிவம். எம்ஜிஏ, எம்ஜிபி என்று அவர்கள் ஓட்டிய ஸ்போர்ட்ஸ் கார்களில் இருந்ததும் இதே குடும்பம்தான். எம்ஜிபி வைத்திருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் இதில் ஏசி கம்ப்ரஸர் மாட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்குத் தைரியம் வந்தது. எஞ்சின் தாங்குமா என்பதற்கு அதுவே பதில். பிற்பாடு வந்த 1800 ஐஎஸ்இசட் அம்பாசடரில் ஏசி பார்த்திருப்பீர்கள். ஆனால் அது இசுசு எஞ்சின். அதன் பிராக்கெட் இதில் உட்காராது. "ஐஎஸ்இசட் பிராக்கெட் கிடைச்சா போதும்ணா" என்று யாராவது சொன்னால் அவர் இரண்டு பானெட்டையும் திறந்து பார்த்ததில்லை என்று அர்த்தம்.

நம் எஞ்சினில் சுமார் 50 குதிரைத்திறன். என் தறி ஒன்று ஒரு ஹெச்பி மோட்டாரில் ஓடுகிறது. இந்த அளவு கம்ப்ரஸர் கடும் வெயிலில் மூன்று ஹெச்பியாவது இழுக்கும். அதாவது வண்டியோடு மூன்று தறியைக் கட்டி இழுக்கிற மாதிரி. ஐம்பதில் மூன்று போனால் ரோட்டில் பெரிதாகத் தெரியாது. வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடுகிற ஐடிலில்தான் தெரியும், ஏனென்றால் ஐடிலில் எஞ்சினிடம் ஐம்பது கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற வேலை எல்லாம் ஏன் என்று புரிந்துவிடும்.

முதலில் நான் கொடுத்தது ஒரு ஏசி கடையில். ஊர் பெயரும் வேண்டாம், கடை பெயரும் வேண்டாம். அவர்கள் புதுக் கார்களுக்கு நன்றாகவே வேலை செய்கிறார்கள். என் வண்டிக்கு என்ன செய்தார்கள் என்றால், கம்ப்ரஸரின் கீழ்க் காதுகளை (போல்ட் போடுகிற ஓட்டை உள்ள நீட்டல்கள்) எஞ்சினில் ஒரு பட்டைத் தகட்டால் பிடித்து, மேல் காதுக்கு ஒரு ஆங்கிளை வெல்டு வைத்து, அந்த ஆங்கிளின் மறுமுனையை ரேடியேட்டர் பக்கத்து பாடியில் போல்ட் போட்டுவிட்டார்கள். பார்க்க உறுதியாகத்தான் இருந்தது. அசைத்தால் அசையவில்லை.

அசையாததுதான் கோளாறு. பழைய எஞ்சின் ரப்பர் மவுன்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டார்ட் பண்ணும்போதும் ஆக்சிலேட்டரை விடும்போதும் ஒரு பக்கம் சாயும். பானெட்டைத் திறந்து வைத்து யாரையாவது ஒரு தடவை ரேஸ் பண்ணச் சொல்லிப் பாருங்கள், கண்ணுக்கே தெரியும். பாடி சாயாது. அப்படியானால் கம்ப்ரஸர் ஒரு கையை எஞ்சினிடமும் இன்னொரு கையை பாடியிடமும் கொடுத்துவிட்டு நடுவில் நிற்கிறது. கம்ப்ரஸர் புல்லியில் இருக்கிற மின் கிளட்ச் 'டக்' என்று பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு வெட்டு வேறு. புத்தூர் தாண்டிப் போகும்போது பெல்ட் கத்த ஆரம்பித்தது. நிறுத்திப் பார்த்தால் வெல்டு ஓரமாக மயிரிழை விரிசல், பெல்ட் பக்கமெல்லாம் கறுப்பு மாவு. எலும்பு முறிந்தவர்கள் எல்லாரும் கட்டுப் போட்டுக்கொள்ளப் போகிற ஊரில் என் பிராக்கெட்டும் முறிந்து நின்றது. கத்தியை எடுத்து பெல்ட்டை அறுத்துப் போட்டுவிட்டு வீடு வந்தேன். ஃபேன் பெல்ட் தனியாக இருந்ததால் வண்டி ஓடியது. இது முக்கியம், கீழே மறுபடி வருகிறேன்.

தறிக்காரனுக்கு அந்தக் கறுப்பு மாவு என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். மோட்டார் புல்லியும் தறி புல்லியும் ஒரே நேரில் இல்லையென்றால் பெல்ட் தன்னைத் தானே தின்னும். அதனால் இரண்டாவது தடவை ஏசி கடைக்குப் போகவில்லை. எங்கள் தறி சாமான்களைக் கடைந்து கொடுக்கிற லேத் அண்ணனிடம் போனேன். ஏசி பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. பெல்ட்டைப் பற்றி எல்லாம் தெரியும். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசாமல் பார்த்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தால் "கொஞ்சம் ஆகு தம்பி" என்பார். ஆகு என்றால் பொறு. பாதி தெலுங்கு, பாதி தமிழ், எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான்.

அவர் கேட்ட முதல் கேள்வி, "இந்த மெஷின் எஞ்சின் மேல சவாரியா, வண்டி மேல சவாரியா?" எஞ்சின் மேல்தான் என்றேன். "அப்ப வண்டிய தொடவே கூடாது." அதோடு அந்த ஆங்கிளைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டார்.

இடம் எது என்பதில் கொஞ்சம் பேச்சு நடந்தது. டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் இடது பக்கம் கார்புரேட்டர், மேனிஃபோல்டு, சைலன்சர் பைப் எல்லாம். அந்தப் பக்கம் இடம் இருப்பது போலத் தெரியும், ஆனால் சூடு. கம்ப்ரஸரையும் ரப்பர் ஹோஸையும் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. வலது பக்கம் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கிற டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர், பிளக்குகள். டைனமோவை எடுத்துவிட்டுச் சின்ன ஆல்டர்னேட்டர் போட்டால் அதற்கு மேலே கம்ப்ரஸருக்கு இடம் வருகிறது. டைனமோ எப்படியும் போக வேண்டியதுதான். லூகாஸ் மாடல் பழைய டைனமோ உச்சத்தில் 22 ஆம்பியர் தரும், ஐடிலில் ஏறக்குறைய ஒன்றும் தராது. ஏசி பிளோயர், கண்டென்சர் ஃபேன், கம்ப்ரஸர் கிளட்ச், ராத்திரியில் ஹெட்லைட் என்று கூட்டினால் அது தாங்காது. 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் போட்டேன். டைனமோவைத் துடைத்து எண்ணெய் போட்டு அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறேன். அப்பா கண்ணில் பட்டால் கேட்பார்.

வலது பக்கம் வைத்ததில் ஒரு சிக்கல், முதல் பிளக். கம்ப்ரஸர் ஓரிரு விரல் பின்னால் போனாலும் பிளக் ஸ்பேனர் நுழையாது. அட்டையில் பிராக்கெட் வெட்டி, கம்ப்ரஸரைக் கயிறு கட்டித் தொங்கவிட்டு, ஸ்பேனரை உள்ளே விட்டு முழுச் சுற்று வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் லேத் அண்ணன் தகட்டில் கை வைத்தார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்ற இடம், ஆயில் ஃபில்டரைக் கழற்ற இடம், எல்லாம் அதே மாதிரி. ஏசி மாட்டிய பழைய வண்டிகளை நிறைய பார்த்திருக்கிறேன், பிளக் மாற்ற கம்ப்ரஸரைக் கழற்ற வேண்டியிருக்கும். அப்படி மாட்டுவதற்கு மாட்டாமலே இருக்கலாம்.

கம்ப்ரஸர் சான்டென் 508 வகை. ஒரு சுற்றுக்கு 138 சிசி தள்ளும், கிளட்சோடு சேர்த்து ஏழு கிலோ பக்கம் வரும். சென்னை புதுப்பேட்டையில் பழசு எவ்வளவோ கிடைக்கும். நான் புதுசே வாங்கினேன். பழசு வாங்குகிறவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும்: கேஸ் போய்வருகிற இரண்டு வாயும் மூடி போட்டு அடைத்திருக்கிறதா? திறந்த வாயோடு மழையில் கிடந்ததை எந்த விலைக்கும் வாங்காதீர்கள், உள்ளே ஈரமும் துருவும் போயிருக்கும். கிளட்ச் காயிலை மீட்டரில் வைத்தால் மூன்று, நாலு ஓம் காட்ட வேண்டும். முன் தட்டைக் கையால் சுற்றினால் ஒரே சீராக, லேசான எதிர்ப்போடு சுற்ற வேண்டும். எங்காவது பிடித்தால் விட்டுவிடுங்கள். மாட்டும்போது எண்ணெய் பிளக் கீழே வராமல் பார்த்துக்கொள்ளவும். இந்த வகையை நிமிர்த்தியும் வைக்கலாம், பக்கவாட்டில் சாய்த்தும் வைக்கலாம், கவிழ்க்கக் கூடாது.

பிராக்கெட் இரண்டு தகடு, பத்து மில்லிமீட்டர் கனம். பின் தகடு டைனமோ பிடித்திருந்த பிளாக் ஓட்டைகளில். முன் தகடு எஞ்சினின் முன் பிளேட் போல்ட்டுகளில், கொஞ்சம் நீளமான போல்ட் போட்டு. இரண்டு தகட்டுக்கும் நடுவில் குழாய் வைத்து இறுக்கியது, அதனால் பெட்டி மாதிரி நிற்கிறது, எந்த வெல்டும் தனியாகப் பாரம் சுமக்கவில்லை. சிலிண்டர் ஹெட் முன்னால் தெர்மோஸ்டாட் ஸ்டட்டுகள் கைக்கு வசதியாக நீட்டிக்கொண்டிருக்கும், அதில் ஒரு பட்டையைக் கட்டிவிடலாம் என்று ஆசை வரும். அவை மெல்லியவை, தண்ணீர் மூடியைப் பிடிக்கத்தான் இருக்கின்றன. ஏழு கிலோவை அதில் தொங்கவிட்டால் ஒருநாள் தண்ணீர் ஒழுகும்.

இப்போது புல்லி. இங்கேதான் லேத் அண்ணன் தன் வித்தையைக் காட்டினார். எஞ்சின் முன்னால் சுற்றுகிற கிராங்க் புல்லியில் பெல்ட் உட்கார ஒரே ஒரு காடி, அது ஃபேனுக்கும் வாட்டர் பம்புக்கும் ஆல்டர்னேட்டருக்கும். அதே பெல்ட்டை நீளமாக வாங்கி கம்ப்ரஸருக்கும் சுற்றிவிடலாம் என்று ஒரு மெக்கானிக் சொன்னார். கூடவே கூடாது. கம்ப்ரஸர் ஒருநாள் இறுகினால் அந்த பெல்ட் போகும், அதோடு வாட்டர் பம்பும் நிற்கும், நடு ரோட்டில் எஞ்சின் வேகும். ஏசிக்குத் தனி பெல்ட், தனி காடி. புத்தூரில் நான் கத்தியால் அறுத்துப் போட்டுவிட்டு ஓட்டி வர முடிந்தது அதனால்தான். அந்தக் கடைக்காரர் அந்த ஒன்றை மட்டும் சரியாகச் செய்திருந்தார் என்று சொல்லியாக வேண்டும். ஆனால் அவர் வைத்த கூடுதல் காடி, புல்லி முகத்தில் சும்மா ஒட்டவைத்து போல்ட் போட்டது. டயல் கேஜ் வைத்து அளந்தபோது ஆட்டம் அரை மில்லிக்கு மேல். போல்ட் ஓட்டையை நம்பி சென்டர் வைத்தால் அப்படித்தான் இருக்கும்.

அண்ணன் பழைய கிராங்க் புல்லியைக் கழற்றி, லேத்தின் நாலு தாடை சக்கில் கட்டி, அதன் முகத்தில் ஒரு படி வெட்டினார். புது வளையத்தை எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) ரவுண்டில் கடைந்து, அந்தப் படியில் தட்டி உட்காரும்படி உள்வாய் வெட்டினார். சென்டர் பிடிப்பது படியின் வேலை, இறுக்கிப் பிடிப்பது போல்ட்டின் வேலை. இரண்டையும் போல்ட்டிடம் கொடுக்கக் கூடாது. உட்கார வைத்த பிறகு இரண்டையும் சேர்த்துக் கட்டி, ஒரே கட்டில் காடியை வெட்டினார். டயல் முள் அசைந்ததா என்று கேட்டால், மூச்சு விட்டால் அசைகிற அளவுக்குத்தான்.

காடிக் கோணம் பற்றி ஒரு வார்த்தை. இந்த மாதிரி வி வடிவ ஏ செக்‌ஷன் பெல்ட்டின் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் கோணம் 40 டிகிரி. புல்லியிலும் 40 வெட்டினால் சரியாகப் பொருந்தும் என்று தோன்றும், பொருந்தாது. புல்லியைச் சுற்றி வளையும்போது பெல்ட்டின் உள்பக்கம் பிதுங்கி கோணம் குறையும். அதனால் பெரிய புல்லியில் 38, சின்ன புல்லியில் 34. தறி மோட்டாருக்குக் கடைகிறவர்களுக்கு இது பாடம். கார் புல்லியைக் கடைகிறவர்கள் சிலர் பழைய காடியைப் பார்த்து உத்தேசமாக வெட்டிவிடுவார்கள், அப்புறம் பெல்ட் கத்துகிறது என்று பெல்ட்டைத் திட்டுவார்கள்.

அளவு: கிராங்கில் 150 மில்லி, கம்ப்ரஸரில் 125. ஆக எஞ்சினைவிடக் கம்ப்ரஸர் 1.2 மடங்கு வேகம். ஐடில் 800-ல் நின்றால் கம்ப்ரஸருக்கு 960. எஞ்சின் 4500-க்குப் போனாலும் கம்ப்ரஸர் 5400-ல் நிற்கும், அதன் வரம்பு 6000. இந்த எஞ்சினை 4500-ல் ஓட்டுகிறவன் எவனும் எங்கள் வீட்டில் இல்லை, இருந்தாலும் கணக்கு கணக்குதான்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். கிராங்க் முனையில் ஹேண்டில் போட்டுச் சுற்றுகிற பல் நட் இருக்கிறது. கூடுதல் வளையம் அதை மறைக்கக் கூடாது. பேட்டரி இறங்கிய காலையில் ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் பண்ண முடிகிற கார் இது. ஏசி வேண்டும் என்பதற்காக அந்த உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. வளையத்தின் நடுவாய் அதற்காகவே அகலமாக வெட்டியது.

நேர் பார்க்க ஸ்கேல் பிடித்தோம், அப்புறம் நூலும் பிடித்தோம். தறிக்காரன் வீட்டில் நூலுக்குப் பஞ்சமா. கிராங்க் வளையத்தின் முகத்தோடு இழுத்துப் பிடித்தால் கம்ப்ரஸர் புல்லியின் இரண்டு ஓரத்தையும் நூல் ஒரே சமயத்தில் தொட வேண்டும். ஒரு ஓரம் முதலில் தொட்டால் வாஷர் போட வேண்டும். கம்ப்ரஸர் காதுக்கும் தகட்டுக்கும் நடுவில் கடைந்த வாஷர்கள் போட்டுப் போட்டுப் பார்த்து அதைக் கொண்டு வந்தார். டென்ஷனுக்கு கம்ப்ரஸரைச் சாய்க்காமல், தளர்வான பக்கத்தில் பெல்ட்டை அழுத்திப் பிடிக்க ஒரு ஐட்லர் புல்லி. அதில் 6203 பேரிங், எங்கள் தறியில் போடுகிற அதே நம்பர். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் பத்து மில்லி இறங்கினால் போதும். அதிகம் இறுக்கினால் பெல்ட் கத்தாது, ஆனால் வாரா வாரம் பேரிங் கத்தும்.

இதற்குப் பிறகு வந்த வேலை எல்லாம் சீக்கிரம் முடிந்தது.

கூலிங் காயில் பெட்டியை டாஷ்போர்டுக்கு அடியில் நடுவில் தொங்கவிட்டோம். மார்க் 4-ல் ஸ்டியரிங்கிலேயே ஹேண்ட் கியர் என்பதால் தரையில் கியர் ராடு கிடையாது. அந்த இடம் அதற்காகவே விட்டு வைத்தது போல் இருந்தது. தண்ணீர் போகிற டியூபை மட்டும் மடங்காமல், சரிவாக வெளியே விடுங்கள். மடங்கினால் தண்ணீர் நடுவில் உட்கார்ந்திருப்பவர் காலில் ஊற்றும். நடுவில் யார் உட்கார்வார்கள் என்று யோசித்து வேலை செய்யவும்.

கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால். உள்ளே எடுத்த சூடு, கம்ப்ரஸர் சேர்த்த சூடு, இரண்டும் அங்கே வந்து இறங்குகிறது, அதன் வழியாகப் போன காற்றுதான் ரேடியேட்டருக்குக் கிடைக்கிறது. அதனால் ரேடியேட்டர் கோரை மாற்றினேன், குழாய் வரிசை ஒன்று கூடுதலாக. எஞ்சின் ஃபேன் ஐடிலில் மெதுவாகச் சுற்றுவதால் கண்டென்சருக்கு முன்னால் ஒரு எலெக்ட்ரிக் ஃபேன், ரிலே, ஃபியூஸ். இந்தச் செலவில் கை வைக்கக் கூடாது.

கேஸ் ஏற்றியது அரக்கோணத்து பாய் ஒருவர். பொறுமைசாலி. முதலில் நைட்ரஜன் ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை போட்டு, குமிழி வருகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். அப்புறம் வேக்குவம் பம்பை முக்கால் மணி நேரம் ஓடவிட்டு நிறுத்திவிட்டு, டீ குடிக்கக் கூட்டிப் போனார். திரும்பி வந்து பார்த்தபோது முள் இருந்த இடத்திலேயே இருந்தது. "இப்பதான் தம்பி கேஸ்" என்றார். டிரையரின் மூடியைக் கடைசி நிமிஷம் வரை திறக்கவில்லை. அதற்குள் ஈரம் உறிஞ்சுகிற மணிகள் இருக்கின்றன, திறந்து வைத்தால் ஊர்க்காற்றின் ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டு நம் வேலைக்கு ஆகாமல் போய்விடும்.

ஏற்றியது ஆர்134ஏ, 650 கிராம், தராசில் நிறுத்து. பழைய வண்டிக்குப் பழைய ஆர்12-தான் ஒத்துப்போகும் என்று ஒருவர் சொன்னார். வண்டி பழசு, ஏசி புதுசு. ஆர்12 ஓசோன் படலத்தைத் தின்கிறது என்று 1987-ல் மாண்ட்ரியலில் ஒப்பந்தம் போட்டு, அதில் இந்தியா 1992-ல் சேர்ந்து, 2010-க்குள் உற்பத்தியே நின்றுவிட்டது. இன்றைக்கு யாராவது ஆர்12 என்று டப்பா நீட்டினால் உள்ளே என்ன இருக்கிறது என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். சமையல் கேஸைக் கலந்து விற்கிறவர்களும் உண்டு. அது நன்றாகக் குளிரும். லீக் ஆனால் காலுக்குப் பக்கத்தில் எரியவும் செய்யும். எனக்கும் ஒருவர் மலிவாகத் தருகிறேன் என்றார். பாய் அவரைத் தெலுங்கில் திட்டி அனுப்பினார்.

மாலை வெயிலில், எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது கேஜில் தாழ்வு பக்கம் 40 பிஎஸ்ஐ, உயர் பக்கம் 250-ஐ ஒட்டி. ஓட்டிப் பார்த்தபோது காற்று வாயில் தெர்மோமீட்டர் பத்து டிகிரி வரை இறங்கியது. நின்றால் பதினைந்துக்கு ஏறும். 138 சிசி கம்ப்ரஸர் 960-ல் சுற்றும்போது அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம்.

ஐடில் விஷயத்துக்கு மாருதி 800-ல் வருகிற ஐடில் அப் டயஃப்ரம் ஒன்றைப் போட்டேன். ஏசி சுவிட்சைப் போட்டதும் ஒரு சோலனாய்டு (மின்சார வால்வு) திறந்து, எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது மேனிஃபோல்டில் உண்டாகிற வேக்குவத்தை அதற்கு விடும். அது த்ராட்டிலை ஒரு நூல் அளவு தூக்கும். அது இல்லாமல் கிளட்ச் பிடிக்கும்போதெல்லாம் எஞ்சின் பெருமூச்சு விட்டு அணையப் பார்த்தது. பிரஷர் சுவிட்சும் உண்டு, கேஸ் குறைந்தாலும் கூடினாலும் கிளட்ச்சை விடுவித்துவிடும். அது இல்லாமல் மாட்டித்தருகிறேன் என்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

எதிர்பார்க்காத தொல்லை ஒன்று வந்தது, பெட்ரோல் ஆவி. ரயில்வே கேட்டில் ஏசியோடு நின்றால் பானெட்டுக்குள் சூடு முன்பைவிட அதிகம். பெட்ரோல் பம்பிலும் பைப்பிலும் பெட்ரோல் ஆவியாகி எஞ்சின் விக்கியது. அப்பா காலத்தில் இதற்கு பம்பின் மேல் ஈரத்துணி சுற்றுவார்கள். டிக்கியில் அதற்கென்றே ஒரு துண்டும் ஒரு தண்ணீர் கேனும் இருக்கும். நான் பெட்ரோல் பைப்பை மேனிஃபோல்டிலிருந்து தள்ளி, வேறு வழியாக விட்டு, ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத சூடு தடுக்கிற உறை போட்டேன். இப்போது கேட்டில் நின்றாலும் விக்குவதில்லை. ரொம்ப நேரம் கேட் திறக்காவிட்டால் ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறக்கிறேன். வீட்டம்மா ஒன்றும் சொல்வதில்லை. ஜன்னல் கண்ணாடியை இறக்கச் சுற்றுவதற்குத்தான் கை வலிக்கிறது என்கிறாள்.

பெட்ரோல் செலவு கூடியிருக்கிறது, லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் போல் குறைகிறது. கூரைக்கும், எஞ்சினுக்கும் நமக்கும் நடுவில் இருக்கிற ஃபயர்வாலுக்கும் ஃபெல்ட் ஒட்டிய பிறகு கம்ப்ரஸர் அடிக்கடி ஓய்வெடுக்கிறது, அதில் கொஞ்சம் மிச்சம். சன் ஃபிலிம் ஒட்டலாமே என்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 2012-ல் அதைத் தடுத்தது, நடு ரோட்டில் நின்று உரித்தெடுத்துவிட்டு அபராதமும் கட்டியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். எனக்கு ஃபெல்ட் போதும்.

ஃபியட் பத்மினிக்கு இதே மாதிரி மாட்டலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அது 1089 சிசி, சக்தியும் நம்மைவிடக் குறைவு. 508 வேண்டாம், 87 சிசி உள்ள 505 அல்லது 108 சிசி உள்ள 507 பாருங்கள். உள்ளே இடம் சின்னது, அதுவே போதும். டீசல் அம்பாசடர்க்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். டீசலில் 37 குதிரைத்திறன்தான். மாருதி டயஃப்ரத்தை ஓட்ட மேனிஃபோல்டு வேக்குவத்தையும் நம்ப முடியாது. கேபிளோ சோலனாய்டோ வைத்து பம்பின் லீவரைத் தூக்க வேண்டும். பிராக்கெட் டிசைன் கேட்டவர்களுக்கு: அட்டையில் வெட்டிய அளவு லேத் பட்டறைச் சுவரில் ஆணி அடித்துத் தொங்குகிறது. நகரி பக்கம் வந்தால் காட்டுகிறேன். உங்கள் வண்டியில் டைனமோ ஓட்டைகள் சேதம் இல்லாமல் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். மரை போயிருந்தால் முதலில் அதைச் சரி செய்ய வேண்டும்.